ஆற்றிலிருந்து 600 ஏக்கருக்கு நீரேற்ற எத்தனை எச்.பி மோட்டார் வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மேட்டூருக்குக் கீழே காவிரிக் கரையில் இருக்கிறீர்கள். ஆற்றிலிருந்து 900 மீட்டர் தள்ளி, 18 மீட்டர் மேட்டில் உங்கள் பாசன வாய்க்காலின் தலைப்பு இருக்கிறது. அங்கே தண்ணீரைக் கொண்டுபோய் விட்டால் 600 ஏக்கர் பாயும். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு பம்ப் ஹவுஸ் கட்ட நினைக்கிறீர்கள். எத்தனை எச்.பி மோட்டார், மொத்தம் என்ன செலவு, சோலார் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் எண்ணில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் இருப்பது வேறொன்று: ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுக் கட்டிவிட்டால், கடைமடை வரை இருபது வருஷம் தண்ணீர் வருமா? அதற்குத்தான் பதில் எழுதப் பார்க்கிறேன். நான் சிவில் பொறியாளன், நீரேற்றுப் பாசன வேலைகளில் பல வருஷம் இருந்தவன். கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் கரையையும் மண்ணையும் பார்க்காமல் சொல்லக்கூடாததை அப்படியே சொல்லிவிடுகிறேன். மின்சார பேனல், ட்ரான்ஸ்ஃபார்மர் விவரங்களை ஒரு எலக்ட்ரிக்கல் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

எச்.பி கணக்கு கடைசியில்தான் வரும். முதலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கரும்பு, வாழை, மஞ்சள், கொஞ்சம் நெல் என்று கலந்து போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில் பயிருக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். வாய்க்காலில் கசிவது, வயலில் வீணாவது எல்லாம் போக 60 சதவீதம் பயிருக்குச் சேர்ந்தால், பம்ப் ஹவுஸில் 10 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். 600 ஏக்கருக்கு இது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 24,300 கன மீட்டர், அதாவது 2.43 கோடி லிட்டர். நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டினால் விநாடிக்கு 340 லிட்டர், நம் பழைய கணக்கில் 12 கன அடி. முழுக்க நெல் என்றால் மண்ணில் இறங்குவதையும் சேர்த்து இது ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே பம்ப் கம்பெனிக்காரரைக் கூப்பிடும் முன்பு சங்கத்தில் உட்கார்ந்து என்ன பயிர், எந்த மாதத்தில், எத்தனை ஏக்கர் என்று எழுதிவிடுங்கள். நான் பார்த்த அளவில் பாதித் தகராறு இதை எழுதாமல் விட்டதால் வருவது. 12 கன அடிக்குக் கட்டிய நிலையத்தில் எல்லோரும் நெல் நட்டுவிட்டால் எந்த மோட்டாரும் காப்பாற்றாது.

அடுத்தது அந்த 18 மீட்டர். எந்த நீர்மட்டத்திலிருந்து 18? இது உங்கள் கேள்வியில் இல்லை. ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடிய ஒரு நாளில் அளந்திருந்தால், வறண்ட மாதத்தில் அது 19 ஆகும், 20 கூட ஆகலாம். ஏற்ற உயரத்தை நீங்கள் பம்ப் ஓட்டப்போகும் காலத்தின் மிகக் குறைந்த நீர்மட்டத்திலிருந்து, வாய்க்கால் தலைப்பில் கட்டப்போகும் தொட்டியின் நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். இந்தப் பதிலில் அப்படி அளந்ததே 18 என்று எடுத்துக்கொள்கிறேன். லெவல் கருவி வைத்து ஒரு சர்வேயரைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். செல்போனில் காட்டும் உயரத்தை நம்பி இதில் இறங்காதீர்கள்.

இனி குழாய். 340 லிட்டர் தண்ணீர் 900 மீட்டர் போகும்போது உராய்வில் எவ்வளவு உயரம் இழக்கிறோம் என்பது குழாயின் விட்டத்தைப் பொறுத்தது. 450 மில்லிமீட்டர் குழாய் போட்டால், சில வருஷம் ஓடிப் பழகிய உட்புறத்துக்கான கணக்கில், இழப்பு ஏறக்குறைய 9 மீட்டர். 600 போட்டால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 30 கிலோவாட். வருஷத்துக்கு 150 நாள், நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டினால் 90,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் வருஷா வருஷம் 6 லட்சத்துக்கு மேல் உராய்வுக்கே போகும். குழாய் வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்று இதில் தெரியும். 700 போடலாமா என்றால், அங்கே மிச்சமாவது ஒரு மீட்டரும் சொச்சமும்தான், விலை ஏறுவதற்கு ஈடாகாது. உங்கள் அளவுக்கு 600 சரியாக இருக்கும்.

ஆக 18 மீட்டர் ஏற்றம், குழாயில் இரண்டேகால், வால்வு, வளைவு, கம்பித் தடுப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றரை, மொத்தம் 22 மீட்டர். 340 லிட்டரை 22 மீட்டர் தூக்கத் தண்ணீருக்கு மட்டும் 73 கிலோவாட் வேண்டும். பம்பின் திறன் 80 சதவீதம் என்றால் பம்பைச் சுழற்றும் தண்டில் 92 கிலோவாட், அதாவது 123 எச்.பி. இதை ஒரே மோட்டாரில் வைக்காதீர்கள். நாலு நாலு கன அடியாக மூன்று பம்ப் ஓட, நாலாவது ஒன்று மாற்றாக நிற்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தண்டில் 41 எச்.பி வரும், கொஞ்சம் இடைவெளி விட்டு 50 எச்.பி மோட்டார். அப்படியானால் உங்கள் கேள்விக்கான நேர் பதில்: 50 எச்.பி நான்கு. நடவு இல்லாத நாளில் ஒன்றை மட்டும் ஓட்டலாம், ஒன்று பழுதானால் பாசனம் நிற்காது. பெரிய திட்டங்களிலும் இதே யோசனைதான். கோதாவரி நீரைப் போலவரம் வலது கால்வாய் வழியாகக் கிருஷ்ணாவுக்கு அனுப்பும் ஆந்திராவின் பட்டிசீமா நிலையத்தில் 24 பம்புகள் வரிசையாக நிற்கின்றன.

இங்கே ஒரு சின்ன விஷயம். இப்போது பம்ப் விற்பவர்கள் வி.எஃப்.டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுங்கள், வேகத்தைக் குறைத்து ஓட்டினால் கரண்ட் மிச்சம் என்று சொல்வார்கள். நீளமான சமதளக் குழாயில் அது உண்மை. உங்கள் 22 மீட்டரில் 18 மீட்டர் வெறும் மேடு. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே தண்ணீர் மேட்டை ஏறாமல் நின்று, பம்ப் சும்மா கலக்கிக்கொண்டிருக்கும். மெதுவாக ஸ்டார்ட் செய்ய ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போதும்.

சரி, இதுவரை சொன்னது கணக்கு. பம்ப் ஹவுஸ்கள் இந்தக் கணக்கில் தோற்றுப்போவது அபூர்வம். ஆற்றுப் பக்கத்திலும், கரண்ட் போகும் அந்தச் சில விநாடிகளிலும்தான் தோற்கின்றன.

ஆற்றைப் பற்றி இரண்டு மட்டங்கள் தெரிய வேண்டும், கீழ் மட்டமும் வெள்ள மட்டமும். மேட்டூரை மூடியிருக்கும் மாதங்களில் குடிநீருக்காக விடும் தண்ணீர் மட்டும் வரும். 2018-லும் 2022-லும் அதே ஆற்றில் 2 லட்சம் கன அடி அளவில் திறந்துவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கரையில் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்பதை அந்த இடத்தில் விசாரித்துத்தான் சொல்ல முடியும். ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள், கோயில் படி, பாலத்தூண், பழைய கிணற்று மேடை என்று எதையாவது காட்டுவார்கள். அந்த அடையாளங்களுக்கு லெவல் எடுங்கள். நீர்வளத்துறைப் பதிவோடு ஒப்பிட்டு, எது உயரமோ அதை வெள்ள மட்டமாக வைத்து, மோட்டார் தளத்தை அதற்கு மேல் ஒரு மீட்டராவது தூக்குங்கள். மோட்டார் மேலே, நீண்ட தண்டு கீழே, பம்ப் தண்ணீருக்குள் என்று இருக்கும் செங்குத்து டர்பைன் பம்ப் இதற்காகவே உள்ளது. கரையில் தரையோடு ஒரு மோட்டார் அறை கட்டி, உறிஞ்சு குழாயின் முனையில் புட் வால்வு தொங்கவிடும் முறை 10 எச்.பி-க்குச் சரி. இந்த அளவுக்கு வேண்டாம்.

பணம் அதிகம் போட்டால் இந்தத் தொல்லை வராது என்று நினைக்க வேண்டாம். தெலங்கானாவின் காளேஸ்வரம் திட்டத்தில் 2022 ஜூலையில் கோதாவரியில் பெருவெள்ளம் வந்தபோது, கன்னேபள்ளி, அன்னாரம் ஆகிய இரண்டு பம்ப் ஹவுஸ்களும் மூழ்கின. கன்னேபள்ளியில் வெள்ளத்தைத் தடுக்க வேண்டிய சுவர் இடிந்து உள்ளே தண்ணீர் புகுந்து, ஒவ்வொன்றும் 40 மெகாவாட் கொண்ட பம்புகள் தண்ணீருக்கடியில் போயின. யார் தவறு என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. உங்களுக்கும் எனக்கும் அதிலிருந்து வேண்டியது இவ்வளவுதான்: வெள்ள மட்டத்துக்குக் கீழே மோட்டாரை வைத்துவிட்டால், அதைக் காப்பாற்றுவது முழுக்க ஒரு சுவரின் பொறுப்பாகிவிடும்.

இடத் தேர்வுக்கு வருவோம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையை ஒட்டி ஆழம் இருக்கும், உள்பக்கத்தில் மணல் சேரும். வளைவின் வெளிப்பக்கத்தில், முனைக்குக் கொஞ்சம் கீழே பம்ப் இறங்கும் கிணற்றை அமைத்தால் கோடையிலும் தண்ணீர் கரையோரம் இருக்கும், மணலும் குறைவாக வரும். கரை அரிக்கும் இடமும் அதுதான் என்பதால் கல் பதித்துக் கரையைக் கட்ட வேண்டும். இங்கே நான் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. மணல் அள்ளிய ஆறுகளில் படுகை தாழ்ந்துகொண்டே போகிறது. இன்றைக்கு நீங்கள் அளக்கும் கீழ் மட்டம் பத்து வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். ஆகவே கிணற்றைக் கணக்கில் வருவதைவிட ஒரு மீட்டர் ஆழமாக இறக்கிவிடுங்கள் என்பேன். கட்டும்போது அந்த ஒரு மீட்டர் மலிவு. பிறகு கீழே இறக்க நினைத்தால் முழுதாகப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

கிணற்றுக்குள், சம்ப் என்று சொல்கிறோமே அந்தத் தொட்டிக்குள், பம்பின் வாய் எப்படி நிற்கிறது என்பதில் பெரும்பாலோர் கவனம் வைப்பதில்லை. வாய்க்கு மேலே போதுமான தண்ணீர் இல்லையென்றால் சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுக்கும். பம்ப் சரளைக்கல் அரைப்பது போலக் கத்தும், தண்ணீர் குறையும், சில மாதத்தில் பேரிங் போகும். பம்ப் சரியில்லை என்று கம்பெனியோடு சண்டை நடக்கும், உண்மையில் குற்றம் தொட்டியில் இருக்கும். இதற்கு அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட் 9.8 என்ற எண்ணில் ஒரு தரநிலை வைத்திருக்கிறது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் அளவுக்கு அதன்படி போட்டால், ஒரு பம்பின் 113 லிட்டருக்கு மணி போல விரிந்த வாயின் விட்டம் 31 சென்டிமீட்டர் வருகிறது. அந்த வாய்க்கு மேலே குறைந்தது 92 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். வாய்க்கும் தரைக்கும் நடுவே விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இடைவெளி, வாயின் விளிம்புக்கும் பின்சுவருக்கும் நடுவே கால் பங்கு. ஒவ்வொரு பம்புக்கும் தனி அறை, அகலம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் அந்த அறைக்கு நேராக வர வேண்டும், வேகம் விநாடிக்கு அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி வந்தால் அங்கேயே சுழி பிறக்கிறது. கொத்தனார் இடம் மிச்சமாக இருக்கிறதே என்று பின்சுவரைத் தள்ளிக் கட்டுவார், விடாதீர்கள். இந்த விஷயத்தில் தாராளமாக இடம் விடுவதும் கெடுதல்தான்.

கம்பித் தடுப்பை மறக்க வேண்டாம். காவிரியில் ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், வாழைமட்டை எல்லாம் வரும். கம்பிகள் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில், சாய்வாக, மேலே நின்று ஓர் ஆள் வாரி இழுக்கும்படி இருக்க வேண்டும். செங்குத்தாக வைத்துவிட்டால் வாரவே முடியாது. வாராத தடுப்பில் அரை மீட்டர் நீர்மட்டம் சாதாரணமாகக் காணாமல் போகும், அப்போது மேலே சொன்ன 92 சென்டிமீட்டர் கணக்கும் போச்சு.

இப்போது கரண்ட் போகும் நேரம். ஒரு 600 மில்லிமீட்டர் குழாயில் 900 மீட்டர் நீளத்துக்கு இருக்கும் தண்ணீரின் எடை 250 டன். அது விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. பம்ப் சில விநாடிகளில் நின்றுவிடும், முன்னே போகும் தண்ணீர் நிற்காது. பின்னால் தள்ளுவார் இல்லாமல் பம்ப் பக்கத்தில் அழுத்தம் விழுந்து வெற்றிடம் ஏற்படும், மெல்லிய எஃகுக் குழாய் என்றால் அதிலேயே நசுங்கிவிடக்கூடும். அப்புறம் அந்த 250 டன்னும் நின்று திரும்பிக் கீழே வந்து, தண்ணீரைத் திரும்ப விடாமல் மூடியிருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் மோதும். 1.2 மீட்டர் வேகம் சட்டென்று பூஜ்யமானால் எஃகு அல்லது டி.ஐ (டக்டைல் இரும்பு) குழாயில் எழும் அழுத்தம் 120 மீட்டர் நீர் உயரம் வரை போகும். நாம் ஏற்றுவதோ 18 மீட்டர். ஆறு கிலோ அழுத்தம், அதாவது 60 மீட்டர் நீர் உயரம், தாங்கும் குழாய் போட்டிருக்கிறோம், மூன்று மடங்கு பத்திரம் என்று நினைத்திருப்பவர்களின் குழாய் வெடிப்பது இதனால்தான். இந்த அழுத்த அலை குழாயின் ஒரு முனையிலிருந்து போய்த் திரும்ப இரண்டு விநாடிகூட ஆகாது, ஆளை ஓடவிட்டு வால்வைத் திருப்ப முடியாது.

120 என்பது மிக மோசமான நிலையின் மேல் வரம்பு. உங்கள் குழாயில் உண்மையில் எவ்வளவு வரும் என்பது குழாய் போகும் பாதையைப் பொறுத்தது. நடுவில் ஒரு மேடு ஏறி இறங்கினால் அந்த மேட்டில்தான் தண்ணீர்த் தூண் இரண்டாகப் பிரியும். ஆகவே பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நெட்டு வெட்டுப் படத்தைக் கொடுத்து கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஒரு ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தீர்வுகள் தெரிந்தவைதான்: பம்ப் அருகே ஒரு காற்றுக்கலன், மேடுகளில் காற்று வால்வு, பட்டென்று அறையாமல் கடைசிப் பகுதியை மெதுவாக மூடும் வால்வு. எச்.டி.பி.இ என்ற பிளாஸ்டிக் குழாயில் அலையின் வேகமே குறைவு என்பதால் எழும் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விட்டம் பெரிதாகும்போது அதன் விலையும், வெல்டு போடத் தேர்ந்த ஆளும் பிரச்சினை. எதைப் போட்டாலும் வளைவுகளில் கான்கிரீட் தாங்கு கட்டை கட்டாமல் மண்ணை மூடாதீர்கள்.

கட்டும் காலம் உங்கள் கையில் இல்லை. டெல்டா பாசனத்துக்கு மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். ஆற்றுக்குள் செய்யும் வேலைக்குப் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் இடம். அதற்குள் தடுப்புக் கரை கட்டி, நீரை இறைத்து, கிணறு அடித்தளம் வரை போய், வெள்ள மட்டத்துக்கு மேல் சுவர் எழும்பிவிட வேண்டும். மணல் படுகை என்றால் தோண்டிக் கட்டுவதைவிட, மேலே வளையமாகக் கட்டிக்கொண்டே உள்ளே மண்ணை எடுத்து இறக்கும் கிணறு முறைதான் நல்லது. பாறை சீக்கிரம் தட்டுப்பட்டால் கணக்கு வேறு. எனவே டெண்டருக்கு முன்பே இரண்டு இடத்திலாவது துளைபோட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். இதைச் செய்யாமல் நான் அஸ்திவாரத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் அது ஊகம்.

கட்டி முடித்த காலித் தொட்டி மிதக்கும் என்றால் சிலர் சிரிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியளவு 7 மீட்டருக்கு 6 மீட்டர், வெள்ள மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் ஆழம் என்றால் தண்ணீர் மேலே தள்ளும் விசை 420 டன். அரை மீட்டர் சுவர், 80 சென்டிமீட்டர் தளம் வைத்தால் கான்கிரீட்டின் எடை 360 டன்தான். பழுது பார்க்கத் தொட்டியை இறைத்து வைத்திருக்கும்போது வெள்ளம் வந்தால் கட்டடம் அப்படியே எழும்பிச் சாயும். தளத்தைச் சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் நீட்டிவிட்டால் மேலே நிற்கும் மண்ணும் சேர்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வடிவமைப்பாளர் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினாரா என்று கேளுங்கள், முகம் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேலே, வாய்க்கால் தலைப்பில், குழாயை நேராக வாய்க்காலில் விட்டால் முதல் மழைக்கு முன்பே கரை கரைந்துவிடும். ஒரு தொட்டியில் கீழிருந்து மேலே பொங்கி வரும்படி விட்டு, வேகத்தைக் கொன்று, பத்து மீட்டருக்காவது கல் அல்லது கான்கிரீட் பதித்த பிறகு மண் வாய்க்காலில் சேருங்கள். இடம் கிடைத்தால் அங்கே ஒரு குட்டை வெட்டிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். மூன்று நான்கு மணி நேரத்துத் தண்ணீர் அதில் நின்றால், கரண்ட் போனாலும் வாய்க்கால் உடனே வற்றாது, இரவில் ஏற்றிப் பகலில் பாய்ச்சலாம். மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் சரபங்கா வடிநிலத்துக்குத் திப்பம்பட்டி நீரேற்று நிலையத்திலிருந்து அனுப்பும் திட்டத்தில் 100 ஏரிகளை நிரப்புகிறார்கள். அத்திக்கடவு–அவினாசி திட்டத்தில் 6 நீரேற்று நிலையங்கள் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் அனுப்புகின்றன. இரண்டிலும் பம்புக்கும் வயலுக்கும் நடுவே நின்று தாங்குவது அந்தக் குளங்கள்தான்.

அத்திக்கடவைச் சொன்னதால் இன்னொன்றும். அந்தத் திட்டம் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், மொத்தம் 1.5 டி.எம்.சி எடுப்பதற்கானது. வேலை பெரும்பாலும் முடிந்த பிறகும் போதிய உபரி நீர் வராமல் தொடக்கம் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 17-இல்தான் தொடங்கி வைத்தார்கள். பம்ப் தயார், தண்ணீர் இல்லை என்ற நிலை அரசுத் திட்டத்துக்கே வரும். உங்களுக்கு இது அனுமதியிலிருந்தே தொடங்குகிறது. ஆற்றிலிருந்து ஏற்ற நீர்வளத்துறை அனுமதி வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி என்று வகுத்துவிட்ட ஆற்றில், புதிதாக ஒருவர் எடுப்பது கீழே உள்ளவரின் கணக்கிலிருந்து போவதுதான். அனுமதி கிடைக்குமா, எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்பது என் துறைக்கு வெளியே. அந்தக் கடிதம் கைக்கு வரும் முன்பு ஒரு ரூபாய்க்கும் குழாய் வாங்காதீர்கள் என்பது மட்டும் என் துறைக்குள் வரும்.

கரண்ட் செலவு: மேலே சொன்ன நிலையம் மோட்டார் இழப்பையும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 99 யூனிட் எடுக்கும். 150 நாளுக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் யூனிட். 7 ரூபாய் விகிதத்தில் 21 லட்சத்துக்குப் பக்கம், ஏக்கருக்கு வருஷம் 3,500 ரூபாய். உங்களுக்கு எந்தக் கட்டணப் பிரிவு என்பதை மின்வாரியத்தில் எழுத்தில் வாங்குங்கள், தனி விவசாயியின் இலவச மின்சாரம் சங்கத்தின் நிலையத்துக்கும் வரும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மகாராஷ்டிராவில் கிருஷ்ணா ஆற்றிலிருந்து வறண்ட தாலுகாக்களுக்கு ஏற்றும் தாகாரி, மைசால், டெம்பு திட்டங்கள் மின்கட்டண பாக்கியால் நின்று நின்று ஓடின. கடைசியில் கட்டணத்தில் 81 சதவீதத்தை அரசும் 19 சதவீதத்தை விவசாயிகளும் ஏற்பது என்று முடிவாயிற்று. உங்களுக்கு அந்த 81 கொடுக்க யாரும் இல்லை. ஆபரேட்டர் இருவர் சம்பளம், பேரிங், இம்பெல்லர் தேய்மானம் என்று ஏக்கருக்கு இன்னும் சில நூறு வைத்து, பணத்தைப் பருவத் தொடக்கத்திலேயே வசூலித்துவிடும் சங்கங்கள் நிலைத்து நிற்கின்றன. அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவை நிலைத்ததைப் பார்த்ததில்லை.

மொத்தச் செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரே எண் சொல்வது நேர்மையாக இருக்காது. சரபங்கா திட்டம் 565 கோடி என்று படித்துவிட்டு ஏக்கருக்கு வகுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அளவும் நிலமும் வேறு. உங்கள் நிலையத்தில் குழாய்தான் பெரிய செலவாக இருக்கும், அடுத்தது ஆற்றுக் கிணறு. நீங்கள் முதலில் கேட்ட மோட்டாரும் பம்பும் மூன்றாவதாகத்தான் வரும். குழாய்க்கு விலைப்புள்ளி இன்றே வாங்கலாம், கிணற்றுக்கு மண் பரிசோதனை முடிந்த பிறகு.

சோலார் பற்றி. நாளுக்குச் சுமார் 2,000 யூனிட் வேண்டும். நம் பகுதியில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நாலு, நாலரை யூனிட் தரும், ஆக 450 முதல் 500 கிலோவாட் பேனலும் இரண்டு ஏக்கருக்குக் குறையாத இடமும் தேவை. அதோடு வெயில் ஆறு மணி நேரம்தான். 20 மணி நேரத்தில் ஏற்றுவதை ஆறு மணி நேரத்தில் ஏற்ற மூன்று மடங்கு பம்பும் அதற்கேற்ற பெரிய குழாயும் வேண்டியிருக்கும், இல்லையென்றால் மின்வாரியத்தோடு இணைத்து யூனிட்டைக் கழித்துக்கொள்ள அனுமதி வேண்டும். குசும் என்ற மத்திய அரசின் சோலார் பம்ப் திட்டத்தில் தனிப் பம்புகளுக்கான மத்திய உதவி பொதுவாக 7.5 எச்.பி அளவுக்குத்தான் கணக்கிடப்படுகிறது, 50 எச்.பி நான்குக்கு அதை நம்ப முடியாது. நானாக இருந்தால் முதல் இரண்டு பருவம் மின்வாரிய இணைப்பிலேயே ஓட்டி, மாதாமாதம் எத்தனை யூனிட், எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதி வைப்பேன். சோலார் கம்பெனியைப் பிறகு கூப்பிடுவேன், அந்த நோட்டைப் பார்த்து அவர்கள் விலை சொல்லட்டும். சர்வே லெவலும் மண் பரிசோதனை அறிக்கையும் வந்ததும் இங்கேயே போடுங்கள், சம்ப் ஆழத்தையும் மிதப்புக் கணக்கையும் உங்கள் எண்களை வைத்துத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.